காப்பாற்றிய கை சுடலாமா?

ஒரு மருத்துவர் உயிர்பிழைக்க வைத்த சிறுவன், வளர்ந்து கொலைகாரனாகிறான். அவனைக் கொல்லும் கடமை அந்த மருத்துவருக்கு உண்டா? இந்த ஒரு கேள்வியை 74 அத்தியாயங்களுக்குத் தொய்வின்றிக் கேட்டுச் செல்லும் ஜப்பானிய அனிமே தொடர் 'மான்ஸ்டர்'. நவோகி உரசாவா 1994 முதல் 2001 வரை 'பிக் காமிக் ஒரிஜினல்' இதழில் எழுதி வரைந்த மங்காவை மேட்ஹவுஸ் ஸ்டுடியோ தொடராக்கியது. மசாயுகி கோஜிமா இயக்கினார். 2004 ஏப்ரல் முதல் 2005 செப்டம்பர் வரை நிப்பான் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. மூல மங்கா 1999-இல் தெசுகா ஒசாமு பண்பாட்டு விருதின் முதன்மைப் பரிசைப் பெற்றிருந்தது. ஆவியும் மந்திரமும் இந்தக் கதையில் இல்லை. வரும் அத்தனை பேரும் மனிதர்கள். அச்சம் முழுவதும் அவர்கள் எடுக்கும் முடிவுகளிலிருந்தே பிறக்கிறது.

கதை 1986-இல், மேற்கு ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரில் தொடங்குகிறது. கென்சோ டென்மா ஜப்பானிலிருந்து வந்த இளம் மூளை அறுவை நிபுணர். ஐஸ்லர் நினைவு மருத்துவமனையில் அவருக்கு எல்லாம் கூடிவந்திருக்கிறது: கைராசிக்காரர் என்ற பெயர், இயக்குநர் ஹைனெமனின் ஆதரவு, அவருடைய மகள் ஈவாவுடன் நிச்சயமான திருமணம். ஒரு நாள் துருக்கியத் தொழிலாளி ஒருவர் உயிருக்குப் போராடும் நிலையில் கொண்டுவரப்படுகிறார். ஆனால் அவருக்குப் பின்னால் வந்த புகழ்பெற்ற ஓபரா பாடகருக்கு அறுவை செய்யுமாறு டென்மாவுக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வருகிறது. அவர் மறுபேச்சின்றிக் கீழ்ப்படிகிறார். பாடகர் பிழைக்கிறார், வேறொருவர் கையில் ஒப்படைக்கப்பட்ட தொழிலாளி இறந்துபோகிறார். முதலில் வந்தது தன் கணவர்தானே என்று கேட்டு அழுகிறாள் அவர் மனைவி. டென்மாவிடம் பதில் இல்லை. மனித உயிர்கள் சமமானவை அல்ல என்று ஈவா அவருக்கு ஆறுதல் சொல்கிறாள். அந்த ஆறுதல்தான் அவரைத் தூங்கவிடாமல் செய்கிறது.

சில நாட்களில் அதே சோதனை மீண்டும் வருகிறது. தலையில் குண்டு பாய்ந்த சிறுவன் யோஹான் முதலில் வருகிறான். அடுத்து நகர மேயர், மூளையில் ரத்தம் உறைந்து, கொண்டுவரப்படுகிறார். மேயரைக் கவனிக்கச் சொல்லும் உத்தரவை இம்முறை டென்மா மீறுகிறார். சிறுவன் பிழைக்கிறான், மேயர் இறக்கிறார். பதவி போகிறது, திருமணம் முறிகிறது. நினைவின்றிக் கிடக்கும் சிறுவனின் கட்டில் அருகே உட்கார்ந்து, இயக்குநரைப் போன்றவர்கள் செத்தால் நல்லது என்று டென்மா மனம் நொந்து புலம்புகிறார். கொஞ்ச நாளில் ஹைனெமனும் வேறு இரு மருத்துவர்களும் விஷம் கலந்த மிட்டாய் தின்று இறந்துகிடக்கிறார்கள். சிறுவனும் அவனுடைய இரட்டைச் சகோதரியும் மருத்துவமனையிலிருந்து காணாமல் போகிறார்கள்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து உண்மை வெளியாகிறது. டென்மாவின் நோயாளி ஒருவரை அவர் கண்முன்னே சுட்டுக்கொல்லும் அழகிய இளைஞன் யோஹான்தான். அன்று அந்த மருத்துவர்களைக் கொன்றதும் தானே என்கிறான். மருத்துவர் விரும்பியதைத்தான் செய்ததாகவும் நன்றியோடு சொல்கிறான். டென்மா துப்பாக்கி சுடப் பழகுகிறார். காவல்துறை அவரையே கொலைகாரன் என்று தேட, ஜெர்மனி முழுவதும் யோஹானைத் துரத்துகிறார்.

டென்மாவின் நியாயத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அன்றிரவு மேயருக்கு அறுவை செய்திருந்தால், பின்னால் கொலையுண்டவர்கள் உயிரோடு இருந்திருப்பார்கள். ஓர் உயிரைக் காத்ததற்குப் பல உயிர்கள் விலையாகியிருக்கின்றன. யோஹான் எந்தத் தடயமும் விடாதவன்; தன் கையால் கொல்வதை விட, பிறரைக் கொல்லவும் தற்கொலை செய்யவும் தூண்டுவதில் வல்லவன். அப்படி ஒருவன் இருக்கிறான் என்பதையே காவல் அதிகாரி லுங்கே நம்பவில்லை. சட்டம் கைவிட்ட இடத்தில், இன்னும் சாகப்போகிறவர்களை யார் காப்பது? விளைவுகளை மட்டும் எடைபோடும் அறநெறி டென்மாவின் விரலை விசையை நோக்கித்தான் தள்ளும். கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் முன்னால் நின்றுகொண்டு அந்த வாதத்தை மறுப்பது யாருக்கும் எளிதல்ல.

இருந்தும் அந்த வாதத்துக்குள் ஒரு பிழை இருக்கிறது. அது இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாக்கிவிடுகிறது. சிறுவனைக் காப்பாற்றியது தவறா என்பது முதல் கேள்வி. காப்பாற்றியதால் டென்மாவுக்கு என்ன பொறுப்பு என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு மருத்துவ அறம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ழான் லாரே, காயம்பட்டவர்களைப் பதவி பார்க்காமல் காயத்தின் தீவிரம் பார்த்து வரிசைப்படுத்தினார். தளபதியானாலும் சிப்பாயானாலும் உயிருக்கு யார் அதிகம் போராடுகிறாரோ அவருக்கே முதலிடம். பேரிடர் காலத்தில் இன்றைய மருத்துவமனைகள் நோயாளிகளை வகைபிரிக்கும் முறைக்கு வேர் அங்கே இருக்கிறது. அந்த வரிசையில் நிற்பவர் நல்லவரா என்று யாரும் கேட்பதில்லை. நாளை என்ன செய்வார் என்று கேட்பதற்கு வழியே இல்லை.

நிஜ வாழ்வில் இதைவிடக் கடுமையான சோதனைகள் நடந்திருக்கின்றன. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். 260-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சில நாட்களில் படுகாயத்துடன் பிடிபட்ட குற்றவாளி சோகர் சர்னாயேவ், பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். அவனுடைய குண்டில் காயம்பட்ட சிலரும் அதே மருத்துவமனையில் இருந்தார்கள். 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் நகர யூத வழிபாட்டிடத்தில் புகுந்த ஒருவன் 11 பேரைச் சுட்டுக்கொன்றான். காயத்தோடு பிடிபட்ட அவனை அலெகெனி பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவனைக் கவனித்தவர்களில் யூதர்களும் உண்டு. மருத்துவமனையின் அப்போதைய தலைவர் ஜெஃப்ரி கோஹனும் யூதர். தாக்குதல் நடந்த இடத்துக்கு அருகில் வசித்தவர். அவரே அவனைப் போய்ப் பார்த்து நலம் விசாரித்தார். இந்த இரண்டு குற்றவாளிகளும் பிறகு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். மருத்துவர் தன் வேலையைச் செய்தார். நீதிபதி தன் வேலையைச் செய்தார். ஒருவர் வேலையை மற்றவர் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்களோடு ஒப்பிட்டால் டென்மாவின் முடிவு எளியது. அவர்முன் கிடந்தது குற்றவாளியல்ல, குண்டடிபட்ட குழந்தை. அவன் யார் என்று தெரிந்திருந்தாலும் அவருடைய கடமை மாறியிருக்காது. தெரியாதபோது அவரைக் குறைசொல்ல இடமே இல்லை.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. குற்றம் தன்னுடையதல்ல என்று டென்மா விலகி நடந்திருந்தால், அவரை மதிக்கத் தோன்றுமா? இங்கிலாந்துத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் இதையொத்த ஒரு நிலையை ஆராய்ந்திருக்கிறார். எந்தக் கவனக்குறைவும் இல்லாமல் லாரி ஓட்டிவந்த ஒருவர், குறுக்கே ஓடிவந்த குழந்தையின் மேல் ஏற்றிவிடுகிறார். சட்டப்படியும் நியாயப்படியும் அவர் குற்றமற்றவர். ஆனாலும் வேடிக்கை பார்த்தவர்கள் வருந்தும் அளவுக்கு மட்டும் வருந்திவிட்டு அவர் போய்விட முடியாது. போய்விட்டால் அவரிடம் ஏதோ குறைகிறது என்றுதான் நமக்குப் படும். தன் கை பட்டு நடந்த ஒன்றுக்கு, குற்றமில்லாமலே பொறுப்பு உண்டு. டென்மாவைச் சாலைக்கு இழுத்துவருவது இந்த உணர்வுதான். அதில் அவருடைய மேன்மையும் தெரிகிறது. அவர் தடுமாறுவது அடுத்த படியில். பொறுப்பு என்பதற்கு அவர் முதலில் கொள்ளும் பொருள், கொல்வது. காப்பாற்றியதை அழித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைக்கிறார்.

அந்தக் கணக்கின் ஆபத்தைக் காட்டத்தான் உரசாவா கதையை ஜெர்மனியில் நிறுத்தியிருக்கிறார் என்று தோன்றுகிறது. வாழத் தகுதியுள்ள உயிர், தகுதியற்ற உயிர் என்ற பிரிவினை மருத்துவர்களின் கையெழுத்தோடு அரசுத் திட்டமாகவே நடந்த நாடு அது. 1940 முதல் 1941 ஆகஸ்ட் வரை, 'டி4' என்று அறியப்படும் திட்டத்தில், மனநோயாளிகளும் உடல் ஊனமுற்றோருமாக 70,000-க்கும் மேற்பட்டோர் நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டார்கள். யார் சாக வேண்டும் என்பதை பதிவுப் படிவங்களில் குறியிட்டு முடிவுசெய்தவர்கள் மருத்துவர்கள். போருக்குப் பின் நியூரம்பர்க்கில் நடந்த மருத்துவர்கள் வழக்கில் 23 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். அவர்களில் 20 பேர் மருத்துவம் படித்தவர்கள். ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தத் தீர்ப்புக்கு மறு ஆண்டு, 1948-இல், உலக மருத்துவச் சங்கம் ஜெனீவா பிரகடனத்தை ஏற்றது. நோயாளியின் இனம், மதம், அரசியல், சமூகநிலை எதுவும் சிகிச்சைக்குக் குறுக்கே வரக்கூடாது என்று மருத்துவர்கள் உறுதியெடுக்கும் வாசகம் அதில் இருக்கிறது.

தொழிலாளியைத் துருக்கியராக வைத்ததும் தற்செயலாகத் தெரியவில்லை. 1961 அக்டோபரில் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களை வரவழைத்தது. சுரங்கமும் தொழிற்சாலையும் அவர்கள் உழைப்பில் ஓடின. அவர்களைத் தங்களவராக ஏற்க மட்டும் பலருக்கு மனம் வரவில்லை. 1993 மே 29 அன்று, டூசல்டார்ஃபுக்கு அருகிலுள்ள சோலிங்கன் நகரில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீவைக்கப்பட்டது. ஐந்து பேர் கருகி இறந்தார்கள், மூவர் சிறுமிகள். மங்கா வெளிவரத் தொடங்கியது அதற்கடுத்த ஆண்டு. ஃபிராங்ஃபர்ட்டில் துருக்கியர் வாழும் பகுதியைக் கொளுத்தத் தீவிர வலதுசாரிகள் திட்டமிடும் நிகழ்வு கதைக்குள் வருகிறது. அதைத் தடுக்க ஓடுகிறவர்களில் டென்மாவும் ஒருவர். ஒரு துருக்கியரைச் சாகவிட்ட மருத்துவர், ஒரு தெருவே எரியாமல் காக்கத் தவிக்கிறார். கணக்கை நேராக்க வேறு வழியும் உண்டு என்று கதை அவருக்கு முதன்முதலில் காட்டும் இடங்களில் இதுவும் ஒன்று.

யோஹான் எங்கிருந்து வந்தான்? இதற்குக் கதை தரும் விடைகளில் முக்கியமானது கிழக்கு பெர்லினில் இயங்கிய '511 கிண்டர்ஹைம்' என்ற அநாதை இல்லம். பிள்ளைகளின் பெயரையும் நினைவையும் பாசத்தையும் அழித்து, உணர்ச்சியற்ற வீரர்களை வார்த்தெடுக்கும் சோதனைக்கூடம் அது. அங்கிருந்தவர்கள் ஒருவரையொருவர் கொன்று தீர்த்ததோடு அது மூடப்படுகிறது. அந்த வெறியைத் தூண்டிவிட்டவன் சிறுவன் யோஹான். இந்த இல்லம் கற்பனை. ஆனால் கிழக்கு ஜெர்மனியின் டோர்காவ் நகரில் 1964 முதல் 1989 வரை நடந்த மூடிய சிறார் இல்லம் கற்பனையல்ல. 14 முதல் 18 வயதுவரையிலான 4,000-க்கும் மேற்பட்டோர், நீதிமன்றத் தீர்ப்பு ஏதுமின்றி அங்கே அடைக்கப்பட்டு, தனியறைச் சிறையாலும் ராணுவத்தனமான தண்டனைகளாலும் 'திருத்தப்பட்டார்கள்'.

511-இல் வளர்ந்து தப்பிப் பிழைத்த இன்னொருவர் க்ரிம்மர். எப்போதும் புன்னகைக்கும் மனிதர். எந்த நேரத்தில் எப்படிச் சிரிக்க வேண்டும் என்பதைப் பயிற்சியாகக் கற்றுக்கொண்டவர். பெற்ற மகன் இறந்தபோது அவருக்கு அழுகை வரவில்லை. சாகும் தறுவாயில்தான் அந்தத் துக்கம் அவரை வந்தடைகிறது. ஒரே இல்லத்திலிருந்து ஒரு யோஹானும் ஒரு க்ரிம்மரும் வந்திருக்கிறார்கள் என்பதைக் கதை அழுத்திச் சொல்கிறது. கொடுமை அனுபவித்தவர் கொடியவராகத்தான் ஆவார் என்ற விதி ஏதும் இல்லை. அதனால் யோஹானின் குற்றத்தை 511-இன் மேல் முழுவதுமாக இறக்கிவைக்க முடியாது. 511-ஐ நடத்தியவர்களும் தப்பிக்க முடியாது.

தொடரின் குறியீடுகள் இந்தப் பொறுப்புப் பங்கீட்டைச் சுற்றியே நெய்யப்பட்டிருக்கின்றன. முதன்மையானது ஒரு படக்கதை. பெயரில்லாத ஓர் அரக்கன் தனக்கொரு பெயர் தேடி இரண்டாகப் பிரிந்து, ஒன்று கிழக்கேயும் மற்றொன்று மேற்கேயும் போகிறது. கிழக்கே போனது மனிதர்களுக்குள் புகுந்து, அவர்கள் பெயரை வாங்கிக்கொண்டு, பசி தாங்காமல் உள்ளிருந்தே தின்கிறது. கடைசியில் நோயாளிச் சிறுவன் ஒருவனின் பெயர் கிடைக்கிறது: யோஹான். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அப்போது ஒருவரும் மிச்சமில்லை. பெயர் கேட்டு மேற்கே போனது, பெயர் தேவையில்லை என்ற முடிவோடு திரும்பிவந்து இதற்கே இரையாகிறது. இரண்டாகப் பிளந்த ஒரு நாட்டின் கதையாகவும், இரட்டையர் இருவரின் கதையாகவும் ஒரே நேரத்தில் இதை வாசிக்கலாம். ஒரு குழந்தையின் பெயரைப் பறித்தால் அது எதை விழுங்கியாவது அந்தப் பள்ளத்தை நிரப்பப் பார்க்கும் என்பதே இதன் பொருள்.

அடுத்தது ஒரு சைகை. யோஹான் தன் ஆட்காட்டி விரலை நெற்றியில் வைத்து, இங்கே சுடு என்கிறான். சிறுவயதில் தன் இரட்டைச் சகோதரியிடம் இதைச் சொன்னான், அவள் சுட்டாள். அந்தக் குண்டைத்தான் டென்மா எடுத்தார். பின்னால் டென்மாவிடமும் அதே இடத்தைக் காட்டுகிறான். மேலோட்டமாக இது சாவுக்கு ஏங்குபவனின் சைகை. உண்மையில் அது ஒரு வாதம். எல்லா மனிதருக்கும் சமமாக இருப்பது மரணம் ஒன்றே என்பது அவன் கொள்கை. உயிர்கள் சமம் என்று நம்பி அவனைக் காப்பாற்றிய ஒரே மனிதர், அவனைச் சுட்டுவிட்டால் அந்தக் கொள்கை வென்றுவிடும். டென்மா விசையை அழுத்தினால் யோஹான் தோற்பதில்லை, ஜெயிக்கிறான்.

ஹைனெமனையும் யோஹானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இந்தக் கதையின் மையம் புலப்படும். ஒருவர் மரியாதைக்குரிய மருத்துவமனை இயக்குநர், மற்றவன் கொலைகாரன். இருவருக்கும் பொதுவானது, மனிதர்களைத் தரம்பிரித்து இவர் தேவை, இவர் தேவையில்லை என்று முடிவெடுப்பது. 511 அதைக் குழந்தைகளிடம் செய்தது. கதையின் இறுதியில் வெளிப்படும் மிகப் பழைய காயமும் அதுவே. இரட்டைக் குழந்தைகளில் ஒன்றைக் கேட்டு அதிகாரிகள் வந்தபோது, தாய் எந்தக் குழந்தையைக் கொடுப்பது என்று ஒரு கணம் தடுமாறினாள். வேண்டாதவன் நான்தானா என்ற கேள்வியோடு யோஹான் வாழ்நாள் முழுவதும் அலைந்திருக்கிறான். துப்பாக்கியோடு நிற்கும் டென்மா, தன்னையறியாமல் அந்த நீண்ட வரிசையின் கடைசி ஆளாகச் சேரப் போகிறார்.

ரூஹன்ஹைம் என்ற சிற்றூரில் நடக்கும் உச்சக்கட்டத்தைப் பற்றி ஒரு நியாயமான குறை உண்டு. டென்மாவைச் சுடவைக்க யோஹான் ஒரு சிறுவனின் மேல் துப்பாக்கியை நீட்டுகிறான். அந்தக் கணத்தில் வேறொருவர் யோஹானைச் சுட்டுவிடுகிறார்: அந்தச் சிறுவனின் தந்தை, ஊரே ஒதுக்கிய குடிகாரர். கதாசிரியர் டென்மாவின் கையைச் சுத்தமாக வைத்திருக்க வசதியாக இன்னொருவரைக் கொண்டுவந்தார், கேள்வியிலிருந்து நழுவிவிட்டார் என்று சொல்லலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. சிறுவன் சாகும்வரை டென்மா காத்திருந்தால் அவரை யாரும் மெச்சப்போவதில்லை.

ஆனால் அந்தத் தந்தையின் குண்டு வேறு வகை. அவர் யோஹானின் வாழ்நாளை எடைபோட்டுத் தீர்ப்பு எழுதவில்லை. அவன் பெயர்கூட அவருக்குத் தெரியாது. தன் பிள்ளையின் தலைக்கு நேராக நீண்ட துப்பாக்கியை நிறுத்தினார். கண்முன் நடக்கவிருக்கும் கொலையைத் தடுக்க வன்முறையை எடுப்பதற்கும், ஒருவன் உயிரோடிருக்கத் தகுதியற்றவன் என்று முடிவுகட்டித் தேடிச்சென்று கொல்வதற்கும் இடையே உள்ள கோட்டை உலகின் பெரும்பாலான சட்டங்கள் மதிக்கின்றன. அந்த இடத்தில் டென்மா சுட்டிருந்தால்கூட, சிறுவனைக் காக்கச் சுட்டார் என்றால் மன்னிக்கலாம். பழைய கணக்கைத் தீர்க்கச் சுட்டார் என்றால் மன்னிப்பது கடினம். மூன்றாண்டு கால ஆத்திரத்தைச் சுமந்து நிற்கும் மனிதருக்கு அந்த நேரத்தில் தன் நோக்கம் எது என்று தெரிந்திருக்குமா? தெரியாது என்பதாலேயே, அந்தக் குண்டு அவருடையதாக இல்லாமல் போனது சரி.

பிறகு டென்மா செய்வதுதான் தொடரின் உண்மையான விடை. யோஹானின் தலையில் மீண்டும் ஒரு குண்டு. மீண்டும் அறுவை மேசை. 1986-இல் அவன் யார் என்று தெரியாமல் காப்பாற்றினார். இப்போது அவன் செய்த ஒவ்வொன்றும் தெரியும். தெரிந்தே காப்பாற்றுகிறார். முதல் முறை செய்தது அறியாமையால் நேர்ந்த பிழை என்று இனி யாரும், அவரேகூட, சொல்ல முடியாது. வழக்கிலிருந்து விடுபட்ட டென்மா, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பில் சேர்ந்துவிட்டதாகக் கதை முடிகிறது. நோயாளி எந்தப் பக்கத்தவர் என்று பாராமல் போர்முனைகளில் சிகிச்சை தரும் அமைப்பு அது. 1971-இல் தொடங்கப்பட்டு, 1999-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது.

டென்மாவின் பயணத்தில் வீணாகாதவை எவை என்று எண்ணிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். யோஹானின் கடந்தகாலத்தைத் தோண்டி எடுத்தது, சாட்சிகளைக் கண்டது, அடுத்து சாகப்போகிறவர்களை எச்சரித்தது, வழியில் கிடந்த காயம்பட்டவர்களுக்கு மருந்திட்டது, நம்ப மறுத்த லுங்கேயையே கடைசியில் நம்பவைத்தது: பலன் தந்தவை இவைதான். காப்பாற்றியதால் வந்த பொறுப்பை நிறைவேற்றும் வழியும் இதுதான். துப்பாக்கி அந்தப் பொறுப்பின் தவறான மொழிபெயர்ப்பு.

கடைசிக் காட்சியில் யோஹானின் கட்டில் காலியாக இருக்கிறது, சன்னல் திறந்திருக்கிறது. அவன் தப்பி மறுபடியும் கொல்லப் போயிருந்தால் டென்மாவின் இரண்டாவது அறுவையும் தவறாகிவிடுமா என்று பார்த்தவர்கள் விவாதிக்கிறார்கள். ஆகாது. அவனைத் தப்பவிட்டது காவலின் தோல்வி. அவன் கொன்றால் அது அவன் குற்றம். அவனை அப்படி வளர்த்தது 511-ஐக் கட்டியவர்களின் குற்றம். மருத்துவர் செய்தது இரண்டு முறையும் சரி.